தகவல் தர மறுக்கும் விதி: உடனே வழக்கா, மறுப்பு வந்த பிறகா?

என் மேசையில் மூன்று வரிக் கடிதம் ஒன்று கிடக்கிறது. ஓர் அரசு அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலர் அனுப்பியது. "தாங்கள் கோரியுள்ள தகவல்கள் மேற்படி அரசாணையின்படி வழங்க இயலாது எனத் தெரிவிக்கப்படுகிறது." மேற்படி என்றால் மேலே ஏதாவது இருக்க வேண்டும். தேடிப் பார்த்தேன், அரசாணை எண்ணே இல்லை. தகவல் மறுக்கப்பட்டால் அதற்கான காரணம், மேல்முறையீட்டுக்கான காலக்கெடு, மேல்முறையீட்டு அலுவலர் யார் என்ற விவரம் ஆகிய மூன்றையும் எழுத வேண்டும் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 7(8) பிரிவு சொல்கிறது. மூன்றில் ஒன்றுகூட இந்தக் கடிதத்தில் இல்லை.

இதைப் பார்த்த நண்பர் ஒருவர் கேட்டார்: "அந்த அரசாணையே தப்புன்னா, நேரா ஹைகோர்ட்டுக்குப் போய் அதை ரத்து பண்ணச் சொல்ல வேண்டியதுதானே? எதுக்கு முதல் அப்பீல், ரெண்டாவது அப்பீல்னு அலையணும்?"

நியாயமான கேள்வி. தகவல் கேட்டு மனுப் போடும் எல்லோரும் ஒரு கட்டத்தில் இந்த இடத்துக்கு வந்து நிற்கிறார்கள். தகவலைத் தடுப்பது ஓர் அதிகாரி என்றால் வழி தெளிவாக இருக்கிறது. தடுப்பது ஒரு விதி என்றால், அந்த விதியை எதிர்த்து நீதிமன்றம் எப்போது காது கொடுக்கும் என்பதைத் தெரிந்துகொண்ட பிறகுதான் அடியெடுத்து வைக்க வேண்டும். தவறான நேரத்தில் போனால் வழக்கு தோற்பது மட்டுமல்ல, அடுத்து வருபவருக்கும் வழி அடைபடும்.

முதலில் ஒரு கதவை மூடிவிடுவோம். மாவட்ட முன்சீப் நீதிமன்றத்தில் வழக்குப் போடலாமா என்று சிலர் கேட்கிறார்கள். முடியாது. இந்தச் சட்டத்தின்கீழ் பிறப்பிக்கும் உத்தரவு எதையும், சட்டத்தில் சொன்ன மேல்முறையீட்டைத் தவிர வேறு வழியில் எந்த நீதிமன்றமும் விசாரிக்கக் கூடாது என்று 23ஆம் பிரிவு தடுத்துவிட்டது. ஆனால் உயர் நீதிமன்றத்திலும் உச்ச நீதிமன்றத்திலும் ரிட் மனுப் போட வழிசெய்யும் அரசமைப்புச் சட்டத்தின் 226, 32 ஆகிய உறுப்புகளை அந்தத் தடை தொடாது. உயர் நீதிமன்றத்தின் மறுஆய்வு அதிகாரம் அரசமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பு. அதைச் சாதாரணச் சட்டத்தால் மட்டுமல்ல, அரசமைப்புத் திருத்தத்தாலும் பறிக்க முடியாது என்று 1997-இல் எல். சந்திரகுமார் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் சொல்லிவிட்டார்கள். ஆகவே ரிட் மனு என்ற வழி எப்போதும் திறந்தே இருக்கிறது. எப்போது அதில் நுழைவது என்பதுதான் கேள்வி.

நடைமுறையில் மூன்று வழிகள். ஒன்று, முதல் மேல்முறையீடு, தகவல் ஆணையத்தில் இரண்டாம் மேல்முறையீடு என்று படிப்படியாகப் போய், அங்கே தோற்றால் ஆணையத்தின் உத்தரவையும் விதியையும் சேர்த்து உயர் நீதிமன்றத்தில் எதிர்ப்பது. இரண்டு, மனுப் போட்டு, மறுப்பு வந்ததும் ஆணையத்துக்குப் போகாமல் நேராக ரிட் மனு. மூன்று, விதி அரசிதழில் வந்த கையோடு, மனுவே போடாமல், விதி செல்லாது என்று வழக்குத் தொடுப்பது. சட்டமன்றம் வழியாகவும் ஒரு வழி உண்டு. 29ஆம் பிரிவின்படி விதிகளை மன்றத்தில் வைக்க வேண்டும், உறுப்பினர்கள் அப்போது கேள்வி கேட்கலாம். தனி மனிதர் நம்பி இறங்கக்கூடிய வழியல்ல என்பதால் அதை இங்கேயே விட்டுவிடுகிறேன்.

மூன்றாவது வழியிலிருந்து தொடங்குகிறேன். கோபம் வந்தால் நமக்கு முதலில் தோன்றுவது அதுதான்.

விதி பிறந்தவுடனே வழக்குப் போட முடியுமா? சட்டம் இயற்றப்பட்டது என்பதே வழக்குத் தொடுக்கும் உரிமையைத் தராது, வழக்கு மூலம் (வழக்குக்குக் காரணமான நிகழ்வு) எழ வேண்டும், அரசமைப்புக் கேள்வியை வெற்றிடத்தில் வைத்து நீதிமன்றம் தீர்மானிக்காது என்று 2004-இல் குசும் இங்காட்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. சாதாரணப் பேச்சில் சொன்னால், விதி உங்களை எங்கே தொட்டது என்று நீதிபதி கேட்பார். "இன்னும் தொடவில்லை, நாளை தொடும்" என்பது பலவீனமான பதில். முன்கூட்டியே வந்த வழக்கு என்று சொல்லித் திருப்பி அனுப்ப அது போதும்.

இதில் ஒரு ஏற்றத்தாழ்வு இருக்கிறது. தகவலை வெளியிடு என்று ஒரு விதி ஒரு நிறுவனத்தின் மேல் கடமை சுமத்தினால், அந்த நிறுவனத்தை விதி அன்றைக்கே தொட்டுவிடுகிறது. பொதுத் தகவல் அலுவலரை நியமிக்க வேண்டும், பதிவேடுகளைத் திறக்க வேண்டும், மீறினால் அபராதம். கேரளத்தில் கூட்டுறவுச் சங்கங்கள் எல்லாம் தகவல் உரிமைச் சட்டத்துக்கு உட்பட்டவை என்று 2006-இல் பதிவாளர் சுற்றறிக்கை விட்டபோது, சங்கங்கள் அதை எதிர்த்து நீதிமன்றம் ஏறின. 2013-இல் தலப்பலம் சேவைக் கூட்டுறவு வங்கி வழக்கில் உச்ச நீதிமன்றம் அவற்றின் பக்கம் தீர்ப்பளித்தது. தகவலைத் தராதே என்று சொல்லும் விதியோ குடிமகனை உடனே தொடுவதில்லை. அவர் கேட்க வேண்டும், மறுக்கப்பட வேண்டும், அப்போதுதான் தொடும். வெளியிடச் சொல்லும் விதியை எதிர்ப்பவருக்கு முதல் நாளே கதவு திறக்கிறது. மறைக்கச் சொல்லும் விதியை எதிர்ப்பவர் காத்திருக்க வேண்டியிருக்கிறது. எனக்கு இது உறுத்துகிறது. ஆனால் இதைத் தெரிந்துகொண்டுதான் திட்டமிட வேண்டும்.

இதற்கு விலக்கு இல்லாமல் இல்லை. தகவல் அறிவது அரசமைப்பின் 19(1)(அ) தரும் பேச்சுரிமையின் பகுதி என்பதால், ஒரு சட்டம் எல்லோருடைய அறியும் உரிமையையும் ஒரே வீச்சில் வெட்டினால், பொதுநல வழக்காக உச்ச நீதிமன்றம் கேட்கும். தேர்தல் பத்திர வழக்கு அப்படிப்பட்டது. யார் எந்தக் கட்சிக்கு எவ்வளவு கொடுத்தார் என்று வாக்காளருக்குத் தெரியாமல் செய்த ஏற்பாட்டை எதிர்த்து 2017-இல் மனுக்கள் போயின. 2024 பிப்ரவரி 15 அன்று ஐந்து நீதிபதிகள் ஒருமனதாக அதைச் செல்லாது என்றார்கள். மாபெரும் வெற்றிதான். ஆனால் இடையில் கழிந்த காலத்தைப் பாருங்கள். 2021 மார்ச்சில் இடைக்காலத் தடை கேட்டார்கள், கிடைக்கவில்லை. தீர்ப்பு வரும்வரை பத்திரங்கள் விற்றுக்கொண்டே இருந்தன. மொத்தம் 16,000 கோடி ரூபாய்க்கு மேல். அந்தக் காலத்தில் ஒரு நாடாளுமன்றத் தேர்தலே நடந்து முடிந்தது. 2019-இல் நடந்த அந்தத் தேர்தலில் மக்கள் இந்த விவரம் எதுவும் தெரியாமலே வாக்களித்தார்கள். சட்டம் செல்லும் என்ற ஊகத்தோடுதான் நீதிமன்றம் தொடங்கும், ஆகவே விதிக்கு இடைக்காலத் தடை அரிது. மூன்றாவது வழியைத் தேர்பவர் வென்றால் ஊருக்கே நன்மை. ஆனால் அவர் கேட்ட அந்தத் தாள் அவர் கைக்கு எப்போது வரும் என்று சொல்ல முடியாது.

தோற்றால் என்ன ஆகும் என்பதற்கு நம் ஊரிலேயே உதாரணம் இருக்கிறது. இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியதே அதுதான்.

2008 ஆகஸ்ட்டில் தமிழ்நாடு அரசு ஓர் அரசாணை போட்டது. ஊழல் தடுப்பு, கண்காணிப்பு இயக்ககத்துக்குத் தகவல் உரிமைச் சட்டத்திலிருந்து விலக்கு. உளவு, பாதுகாப்பு அமைப்புகளுக்கு மாநில அரசு விலக்குத் தரலாம் என்று சொல்லும் 24(4) பிரிவைக் காட்டினார்கள். ஊழலை விசாரிக்கும் துறை எப்படிப் பாதுகாப்பு அமைப்பாகும் என்ற கேள்வி யாருக்கும் வரும். அரசாணையே செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார்கள். 2009 மார்ச்சில் வழக்குத் தள்ளுபடியானது. அரசாணை நின்றது. அதோடு நிற்கவில்லை, இனி யார் கேட்டாலும், அரசாணை செல்லும் என்று நீதிமன்றமே சொல்லிவிட்டது என்று அந்தத் துறை காட்டிக்கொள்ளலாம் என்றாகிவிட்டது.

அப்புறம் இன்னொருவர் அதே துறையிடம் ஊழல் வழக்குகள் பற்றிய தகவல் கேட்டு மனுப் போட்டார். மறுத்தார்கள். அவர் அரசாணையோடு மோதவில்லை. மாநிலத் தகவல் ஆணையத்துக்குப் போனார். ஆணையம் தகவலைத் தரச் சொன்னது. உயர் நீதிமன்றம் போனது துறைதான். 24(4) பிரிவுக்குள்ளேயே ஒரு வரம்புரை இருக்கிறது: ஊழல் குற்றச்சாட்டு, மனித உரிமை மீறல் குறித்த தகவலுக்கு விலக்குப் பொருந்தாது. 2012-இல் உயர் நீதிமன்ற அமர்வு அதைப் பிடித்துக்கொண்டு துறையின் வாதத்தை ஏற்க மறுத்தது. அரசாணை அப்படியே இருக்கிறது, ஆனால் அது எதை மறைக்க முடியாது என்பது தெளிவாகிவிட்டது.

முதல் வழக்கு "இந்தச் சுவர் இருக்கலாமா?" என்று கேட்டது. இரண்டாவது "இந்தத் தாள் சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிறதா?" என்று கேட்டது. நீதிபதி முன்னால் ஒரு குறிப்பிட்ட தாள், ஒரு குறிப்பிட்ட மறுப்பு, ஆணையத்தின் ஓர் உத்தரவு எல்லாம் இருந்ததால் பதில் சொல்வது எளிதானது. எனக்குத் தெரிந்தவரை முதல் வழியின் பலம் முழுவதும் இந்த இரண்டு வழக்குகளுக்கு நடுவில் இருக்கிறது.

முதல் வழியின் செலவையும் மறைக்கக் கூடாது. பணச் செலவு குறைவு. தமிழ்நாட்டில் மனுவுக்குப் பத்து ரூபாய், பெரும்பாலும் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி அனுப்புகிறோம். ஆணையத்தில் வழக்கறிஞர் தேவையில்லை, நாமே பேசலாம். காலம்தான் செலவு. முப்பது நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அந்த மௌனமே மறுப்பு என்று 7(2) பிரிவு சொல்கிறது. மனு போய்ச் சேர்ந்ததற்கான தபால் ஒப்புகை கையில் இருந்தால் போதும். முப்பது நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதற்கு அதிகபட்சம் நாற்பத்தைந்து நாளில் முடிவு, அதன்பின் தொண்ணூறு நாளுக்குள் இரண்டாம் மேல்முறையீடு. அது விசாரணைக்கு வர ஆணையம் எவ்வளவு காலம் எடுக்கும் என்பதற்குச் சட்டத்தில் கெடு எதுவும் இல்லை. பெரிய ஓட்டை அது.

இன்னொரு குறை: ஆணையத்தால் விதியை ரத்து செய்ய முடியாது. தகவலைத் தரச் சொல்லலாம், அதிகாரிக்கு நாளுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 வரை அபராதம் போடலாம், இழப்பீடு தரச் சொல்லலாம், அலுவலகம் தன் நடைமுறையை மாற்ற வேண்டும் என்று சொல்லலாம். விதி சட்டத்துக்குப் பொருந்துமா என்று தீர்ப்பளிக்கும் அதிகாரம் அதற்கு இல்லை. அப்படியென்றால் விதியைப் பற்றிய கேள்விக்கு ஆணையத்தில் நேரத்தை வீணாக்குகிறோமா? எப்போதும் அல்ல. பெரும்பாலான விதிகள் சட்டத்தோடு சேர்த்துப் படித்தாலே சுருங்கிவிடும். 24(4) வழக்கில் நடந்தது அதுதான்.

நீண்ட பாதையில் போயும் தோற்கலாம். நீதிமன்ற ஆவணங்களின் நகல் வேண்டுமென்றால், உயர் நீதிமன்ற விதிப்படி காரணம் சொல்லிப் பிரமாணப் பத்திரத்தோடு விண்ணப்பிக்க வேண்டும் என்பது குஜராத் உயர் நீதிமன்றத்தின் விதி. தகவல் உரிமைச் சட்டத்திலோ காரணமே சொல்ல வேண்டியதில்லை. 2010-இல் ஒருவர் கேட்டார், குஜராத் தகவல் ஆணையம் அவர் பக்கம் நின்றது, 2020 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் உயர் நீதிமன்ற விதிதான் செல்லும் என்றது. பத்து ஆண்டுகள். அந்தத் தீர்ப்பில் எனக்கு உடன்பாடில்லை. காரணம் கேட்பதும் கேட்காமலிருப்பதும் முரண் இல்லை என்றால் வேறு எதுதான் முரண்? ஆனாலும் அதுதான் இன்றைய சட்டம்.

சரி, நடுவில் இருக்கும் இரண்டாவது வழி. மறுப்பு கையில் வந்ததும் நேரே உயர் நீதிமன்றம். அங்கே அரசு வழக்கறிஞரின் முதல் வாக்கியம் எனக்கு மனப்பாடம்: "மாற்று நிவாரணம் இருக்கிறது, மனுதாரர் ஆணையத்துக்குப் போகட்டும்." பெரும்பாலும் இந்த ஒரு வாக்கியத்திலேயே வழக்கு முடிந்துவிடும். ஆனால் 1998-இல் வேர்ல்பூல் வழக்கில் உச்ச நீதிமன்றம் விலக்குகளைச் சொல்லியிருக்கிறது: அடிப்படை உரிமை மீறல், இயற்கை நீதி மீறல் (ஒருவர் தரப்பைக் கேட்காமலே முடிவெடுப்பது போன்றவை), அதிகாரமே இல்லாமல் எடுத்த நடவடிக்கை, சட்டமே செல்லுமா என்ற கேள்வி. இவற்றில் மாற்று நிவாரணம் தடையாகாது. ஆகவே உங்கள் மனுவின் உயிர்நாடி "விதி செல்லாது" என்பதாக இருந்தால், ஆணையத்தால் அதைத் தீர்க்க முடியாது என்பதையே வாதமாக வைத்து நேரே போகலாம். "விதியைத் தவறாகப் பயன்படுத்தினார்கள்" என்பதாக இருந்தால், போகாதீர்கள்.

எந்த மாதிரி விதிக்கு இந்த நேர் வழி பொருந்தும்? என் கணிப்பில், வாசலிலேயே மறிக்கும் விதிக்கு. கட்டணம், சொற்களின் எண்ணிக்கை, படிவம், அடையாளச் சான்று, ஏன் கேட்கிறாய் என்ற கேள்வி. மத்திய அரசின் 2012 விதிகள் மனு பொதுவாக 500 சொற்களுக்குள் இருக்கட்டும் என்று சொன்னாலும், அதைத் தாண்டியது என்பதற்காக மட்டும் நிராகரிக்கக் கூடாது என்றும் சேர்த்துச் சொல்கின்றன. இப்படிப் பாதுகாப்பு இல்லாத விதிகள் வேறு இடங்களில் உண்டு. அலகாபாத் உயர் நீதிமன்றம் மனுக் கட்டணமாக 500 ரூபாய் வைத்திருந்தது. இந்த மாதிரி விதியில் ஆராய உண்மை விவரம் எதுவும் இல்லை. விதியையும் சட்டத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் போதும். 2018 மார்ச்சில் காமன் காஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம், பொதுவாக மனுக் கட்டணம் 50 ரூபாயையும் நகல் கட்டணம் பக்கத்துக்கு 5 ரூபாயையும் தாண்டக் கூடாது, நோக்கத்தைச் சொல்லத் தேவையில்லை என்றது. நேரடியாக விதியையே எதிர்த்து வென்ற வழக்கு அது.

விதி எந்த அடிப்படையில் விழும் என்பதற்கு, மணல் குவாரி விதி ஒன்றைப் பற்றிய தமிழ்நாட்டு வழக்கில் 2006-இல் உச்ச நீதிமன்றம் தந்த பட்டியலைத்தான் வழக்கறிஞர்கள் இன்றும் எடுத்துக்காட்டுகிறார்கள்: விதி போட அதிகாரமே இல்லாதது, அடிப்படை உரிமைக்கோ அரசமைப்பின் வேறு உறுப்புக்கோ முரணானது, தாய்ச் சட்டத்துக்குப் பொருந்தாதது அல்லது அதன் வரம்பை மீறியது, நாட்டின் பிற சட்டத்துக்கு முரணானது, அப்பட்டமாகத் தன்னிச்சையானது. இவற்றில் ஒன்றாவது உங்கள் விதிக்குப் பொருந்துகிறதா என்று பார்க்காமல் நேர் வழியில் இறங்கக் கூடாது. விதி கெட்டது என்பதும் விதி செல்லாது என்பதும் ஒன்றல்ல.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வழக்கில் இருக்கும் உண்மைகள் எப்படியோ, பல நேரம் தீர்ப்பின் மொழியும் அப்படியே அமையும். 2014 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில், தகவல் கேட்பவர் காரணம் சொல்ல வேண்டும் என்று எழுதியது. சட்டத்தின் 6(2) பிரிவு அதற்கு நேர் எதிர். சில நாட்களில் அதே நீதிபதிகள் தாமாகவே அந்தப் பகுதிகளை நீக்கினார்கள். அவர்கள் நீக்கியது பெருந்தன்மை, நமக்கு அதிர்ஷ்டம். எல்லா முறையும் அப்படி நடக்காது. ஆகவே விதியை எதிர்த்து முன்னால் நிற்பவரின் மனு சுத்தமாக இருக்க வேண்டும்: ஒரே பொருள், தெளிவான கேள்வி, பொதுநலன் எங்கே என்று பார்த்தவுடன் தெரிய வேண்டும். இருபது கேள்வியும் தனிப்பட்ட பகையும் கலந்த மனுவை வைத்துக்கொண்டு விதியோடு மோதினால், அடி எல்லோர் மேலும் விழும்.

இப்போது கண்ணெதிரே இருக்கும் சோதனை, தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். 2023-இல் வந்த அந்தச் சட்டத்தின் 44(3) பிரிவு, தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவைத் திருத்தி, தனிப்பட்ட தகவல் என்றாலே மறுக்கலாம் என்று ஆக்கிவிட்டது. பொதுச் செயல்பாட்டோடு தொடர்பு உண்டா, பொதுநலன் உண்டா என்று முன்பு அதே பிரிவுக்குள் இருந்த சோதனைகள் போய்விட்டன. வீட்டுத் திட்டப் பயனாளிகள் பட்டியலைக் கேட்டால்கூட, பெயர் தனிப்பட்ட தகவல் என்று சொல்லி மறுக்க முடியும். இது நாடாளுமன்றமே செய்த திருத்தம் என்பதால் ஆணையத்தால் தொட முடியாது; நேரடி எதிர்ப்புக்கு உரிய விஷயம். அதே நேரம் 8(2) பிரிவு அப்படியே இருக்கிறது: தீங்கைவிடப் பொதுநலன் மேலோங்கினால் தகவலைத் தரலாம். ஆகவே ஊரில் இருக்கும் நமக்கு வேலை ஆணையத்தில். ஒவ்வொரு மறுப்பிலும் 8(2)-ஐ எழுப்ப வேண்டும். அந்த மறுப்புகள்தான் நாளைக்குத் திருத்தத்தையே விசாரிக்கும் நீதிபதியிடம், விதி மக்களை எங்கே தொட்டது என்று காட்டும்.

மத்திய விதி என்றால் டெல்லிக்குத்தான் போக வேண்டுமா என்ற கேள்விக்குச் சுருக்கமான பதில்: வேண்டாம். மறுப்பு உங்களுக்கு இங்கே வந்து, வழக்கு மூலத்தின் ஒரு பகுதி இங்கே எழுந்திருந்தால் சென்னையிலோ மதுரைக் கிளையிலோ தொடுக்கலாம்.

மேசையில் கிடக்கும் அந்த மூன்று வரிக் கடிதத்துக்கு வருகிறேன். நண்பரிடம் சொன்னது இதுதான்: நேரே ஹைகோர்ட் வேண்டாம். அரசாணையே எது என்று தெரியாதபோது எதை ரத்து செய்யச் சொல்வது? முதல் மேல்முறையீடு எழுதிவிட்டேன். அதில் முதல் கோரிக்கை, அரசாணையின் எண்ணையும் நகலையும் தர வேண்டும். இரண்டாவது, அப்படி ஓர் அரசாணை இருந்தாலும் நான் கேட்ட தகவலுக்கு அது பொருந்தாது. மூன்றாவதை மேல்முறையீட்டு அலுவலர் தீர்க்க முடியாது என்று தெரிந்தே எழுதினேன்: பொருந்தும் என்றால், அந்த அரசாணை சட்டத்தின் வரம்பை மீறியது, அதை உரிய மன்றத்தில் எழுப்பும் உரிமையை நிறுத்தி வைத்துக்கொள்கிறேன். பின்னால் ரிட் மனு போட நேர்ந்தால், இதை ஏன் முன்பே சொல்லவில்லை என்று யாரும் கேட்க முடியாது. கடிதம் வந்த உறையையும் எறியவில்லை. கடிதம் கைக்கு வந்த நாளிலிருந்துதான் முப்பது நாள் எண்ண வேண்டும், அதைக் காட்டத் தபால் முத்திரை உதவும்.